தக்காளி நாற்று நூல்போல நீண்டு சாய்கிறது, எங்கே பிசகுகிறேன்?

வேலியோரம்

வணக்கம். இரண்டாவது முறையாக இதே கதை, அதனால் இந்தத் தடவை வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். குழித்தட்டில் 60 குழி, குழிக்கு ஒரு விதை. கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று தட்டைப் பாலித்தீன் தாளால் மூடி ஃப்ரிட்ஜ் தலைமேல் வைத்தேன். ஐந்தாம் நாள் முளை எட்டிப் பார்த்தது, மீதியும் வரட்டும் என்று இன்னும் இரண்டு நாள் அங்கேயே விட்டேன். மொத்தம் 52 வந்தன, சந்தோஷம்தான். ஏழாம் நாள் ஜன்னலோரத்துக்கு மாற்றினேன்.

இன்று பதினோராம் நாள். ஒவ்வொன்றும் என் ஆள்காட்டி விரல் நீளம், தண்டு தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். எல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு நிற்கின்றன. இலை பச்சையும் இல்லை மஞ்சளும் இல்லை. காலையில் பார்த்தால் மூன்று படுத்துக் கிடக்கின்றன, அடித்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல ஒடுங்கியிருக்கிறது. தண்ணீர் காலை மாலை ஸ்பிரேயரில் அடிக்கிறேன், தவறவே இல்லை. தெரிந்தவர் ஒருவர் கொஞ்சம் யூரியா கரைத்து ஊற்று, தெம்பு வரும் என்கிறார். ஊற்றலாமா?

மண்வெட்டி

முதல் வேலையாக அந்த யூரியாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வெளிச்சத்துக்கு ஏங்கி நிற்கிற நாற்றுக்குத் தழைச்சத்து கொடுத்தால் இன்னும் நீளும், இன்னும் மெலியும், பிஞ்சு வேர் கருகவும் கருகும்.

உங்கள் தட்டில் இருப்பது இரண்டு பிரச்சினை, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீண்டு சாய்வது ஒன்று. அடித்தண்டு கிள்ளியதுபோல ஒடுங்கி விழுவது நாற்றழுகல், அது பூஞ்சை வேலை, அதற்குக் காரணம் தினம் தவறாமல் அடிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னீர்களே, அந்த ஸ்பிரேயர்.

நீளம் எங்கே ஆரம்பித்தது என்றால் ஃப்ரிட்ஜ் தலையில். முளை வெளியே வந்த பிறகும் இருட்டாகவே இருந்தால், அது தன்னை இன்னும் மண்ணுக்குள் புதைந்து கிடப்பதாகவே எண்ணிக்கொண்டு, வித்திலைக்கு, அதாவது முளைத்ததும் முதலில் விரிகிற இரட்டை இலைக்கு, கீழே உள்ள தண்டை மட்டும் இழுத்துக்கொண்டே போகும். விதைக்குள் இருந்த கையிருப்பு முழுக்க அந்தத் தண்டுக்கே செலவாகிவிடும். கடைசி இருபது விதைக்காக இரண்டு நாள் காத்திருந்தீர்கள், முந்தி வந்த முப்பதும் அந்த இரண்டு நாளில் கெட்டன. நான் தட்டில் மூன்று நான்கு இடத்தில் கொக்கி மாதிரி வளைந்த முளை தெரிந்தாலே போதும், மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். பின்னால் வருகிறவை அங்கேயே வந்து சேரட்டும்.

கீரைப்பாத்தி

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று யாராவது வந்து ஆரம்பிப்பதற்குள் நான் சொல்லிவிடுகிறேன், தக்காளிக்கு அது பொருந்தாது. நீண்டுபோன நாற்றைக் கழுத்துவரை புதைத்துவிட்டால் தண்டு முழுக்க வேர் விடும். பயப்படாதீர்கள் தம்பி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஊசித்தூறல்

சின்ன மேசை விசிறி ஒன்றைத் தூரத்தில் வைத்து மெதுவாக ஓட விடுங்கள், இலை லேசாக ஆடினால் போதும். அப்புறம் தினமும் கையால் நாற்றின் தலையைத் தடவிக்கொடுங்கள், தண்டு தடிக்கும். நான் வருஷக்கணக்காகச் செய்கிறேன்.

கணக்குப்பிள்ளை

தலையைத் தடவினால் தண்டு தடிக்குமா? பாட்டுப் பாடினால் பூக்கும் என்று சொல்வதுபோல இருக்கிறது. இந்த மாதிரி நம்பிக்கைகளைப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பாதீர்கள். வெளிச்சம், வெளிச்சம், வெளிச்சம். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

மண்வெட்டி

கணக்கு, இதில் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அது நம்பிக்கை சமாச்சாரம் இல்லை. தொடுதலும் அசைவும் செடியின் வளர்ச்சியை மாற்றுவதற்குத் திக்மோமார்ஃபோஜெனிசிஸ் என்று ஒரு பெயரே இருக்கிறது, மார்க் ஜாஃபி என்ற தாவரவியலாளர் 1973-ல் வைத்தது. அசைக்கப்படுகிற செடி நீளத்தைக் குறைத்துக்கொண்டு தண்டைப் பலப்படுத்தும். காற்றோட்டமான வெளியில் வளர்ந்த நாற்று அடக்கமாகவும், மூடிய அறையில் வளர்ந்தது கொடுக்காப்புளி மரக் கொம்புபோலக் கோணலாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றங்கால்களில் மருந்து தெளித்து உயரத்தைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாகக் குச்சியால் தடவிப் பார்த்த சோதனைகள் எல்லாம் தக்காளியில்தான் நிறைய நடந்திருக்கின்றன.

ஆனால் வரிசை முக்கியம், அங்கே உங்கள் கட்சிதான் நான். வெளிச்சம் இல்லாத நாற்றைத் தடவிக்கொடுத்தால் தடவிக்கொடுக்கப்பட்ட நோஞ்சான்தான் கிடைக்கும். நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்குப் பத்துப் பதினைந்து தடவை ஒரு காகித அட்டையால் நுனியை லேசாக வருடினால் போதும். இலை ஈரமாக இருக்கும்போது கூடாது, ஏதாவது இலையில் புள்ளி தெரிந்தாலும் கூடாது, நீங்களே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நோயைப் பூசிவிடுவீர்கள். புகையிலை தொடுகிற பழக்கம் உள்ளவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தக்காளி நாற்றுப் பக்கமே போக வேண்டாம், புகையிலை மொசைக் வைரஸ் விரலோடு வரும்.

கணக்குப்பிள்ளை

சரி, 1973-ஐ ஒத்துக்கொள்கிறேன். பாட்டை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலியோரம்

எல்லோருக்கும் நன்றி. யூரியா தப்பித்தது, அதாவது நாற்று தப்பித்தது. ஒன்று புரியவில்லை. ஜன்னலில் நல்ல வெளிச்சம்தானே வருகிறது? நான் அங்கே உட்கார்ந்து புத்தகமே படிக்கிறேன்.

நிழல்வலை

நம் கண்ணை நம்பக் கூடாது, அது சோம்பேறித்தனமாகச் சரிக்கட்டிக்கொள்ளும். வெளியே வெயிலில் இருக்கிற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் கண்ணுக்கு 'நல்ல வெளிச்சம்'தான். செடிக்கு அப்படி இல்லை, அதற்கு வெளிச்சம்தான் சாப்பாடு. ஒரு சோதனை செய்து பாருங்கள். மத்தியானம் தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாக நிழல் வெட்டினாற்போல விழுந்தால் தேறும். விளிம்பு கரைந்து ஒரு மங்கல் திட்டாக விழுந்தால் அந்த இடம் நாற்றுக்கு இருட்டறை.

ஜன்னலில் இன்னொரு சிக்கல், ஒரு பக்கம் மட்டுமே வானம் தெரியும், அதனால்தான் எல்லாம் அந்தப் பக்கம் சாய்கின்றன. தினம் தட்டைத் திருப்பி வைத்தால் நேராக நிற்கும், ஆனால் நேராக நிற்கிற நோஞ்சானாகத்தான் இருக்கும்.

வழி இரண்டு. வெளியே சூடும் காற்றும் அனுசரணையாக இருந்தால் காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. முடியாதென்றால் சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டை ஒட்டிப் போட்டு, இலை நுனிக்கு மேல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில் தொங்கவிடுங்கள், செடி உயர உயர விளக்கையும் உயர்த்துங்கள். ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதெல்லாம் இல்லை. புறங்கையை இலை மட்டத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள், சுட்டால் கிட்டத்தில் இருக்கிறது. நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம்.

வேலியோரம்

அதிகம் நல்லது என்றால் 24 மணி நேரமும் எரியவிட்டால்?

நிழல்வலை

வேண்டாம். பல செடி தாங்கும், தக்காளி தாங்காது. இரவே இல்லாமல் வெளிச்சம் கொடுத்தால் இலை வெளிறித் திட்டுத் திட்டாக மஞ்சளாகும், இது தக்காளியில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு டைமர் போட்டுவிட்டுத் தூங்குங்கள், அதுவும் தூங்கட்டும்.

ஊசித்தூறல்

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. நெரிசல். பக்கத்துச் செடியின் இலை தன் இலையைத் தொடுவதற்கு முன்னாலேயே தக்காளிக்குத் தெரிந்துவிடும் பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று. பச்சை இலை சிவப்பு ஒளியைத் தின்றுவிட்டுத் தொலைச்சிவப்பு ஒளியை (கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அடர்சிவப்பு) திருப்பி அடிக்கும், அந்த விகிதம் மாறுவதை வைத்து நாற்று கண்டுபிடித்து, முந்தி மேலே போகத் தண்டை நீட்ட ஆரம்பிக்கும். அதனால் இலைகள் முட்டிக்கொள்ளும் நிலை வந்தால் குழிகளைத் தனித்தனியாக வெட்டி இடைவெளி விட்டு வையுங்கள், அல்லது பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். எத்தனை விளக்கு போட்டாலும் நெரிசலுக்கு மருந்து இடைவெளிதான்.

மண்வெட்டி

அழுகலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீண்ட நாற்றைக் காப்பாற்றலாம், இதில் விழுந்ததைக் காப்பாற்ற முடியாது.

பித்தியம், ரைசோக்டோனியா, பைட்டோஃப்தோரா, இந்தக் கிருமிகள்தான் வழக்கமான ஆட்கள். பழைய கலவை, கழுவாத தட்டு, மண்வெட்டி, கை எல்லாவற்றிலும் இருக்கும். கலவை சொதசொதவென்று, காற்றில்லாமல், வெளிச்சமும் குறைவாக இருந்தால் கொண்டாட்டம். விழுந்த நாற்றை மட்டும் பிடுங்காதீர்கள், குழியோடு தோண்டி எடுத்து வெளியே போடுங்கள், சுற்றியுள்ள குழிகளிலும் ஒரு கண் வையுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை கோகோபீட் ஒரு ஏமாற்றுக்காரன். மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளிர்ப் பழுப்பாகிவிடும், நாம் 'ஐயோ தாகம்' என்று அடித்துவிடுவோம், ஒரு விரற்கடை கீழே பிழிந்தால் சொட்டும். தட்டைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைத்த அன்று எவ்வளவு கனம், இன்று எவ்வளவு என்று இரண்டு நாள் தூக்கினாலே கை கணக்குப் போட்டுவிடும். லேசானால் மட்டும் தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், கால் மணி நேரம், மேலே ஈரம் ஏறியதும் எடுத்து வடித்துவிடுங்கள். தண்டும் மேல்பரப்பும் உலர்ந்தே இருக்கும், பூஞ்சைக்கு ஏறி வர ஏணி இருக்காது, வேரும் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். கொசு மாதிரிச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் மண்மேல் நடந்தால் அதுவும் ஈரம் மிஞ்சியதற்கு அடையாளம்தான்.

கீரைப்பாத்தி

பாதிக்குப் பாதி மண்புழு உரம் என்பதும் அதிகம். முளைக்கிறவரை விதைக்கு உரமே தேவையில்லை, நான் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகமாட்டேன். கோகோபீட்டையும் உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், அலசாத கட்டியில் முளைத்தது இலை ஓரம் கருகி நிற்கும்.

வரப்புநடை

அக்கா, நான் பல வருஷமாகப் பாதிக்குப் பாதிதான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கீரைப்பாத்தி

நீங்கள் வெட்டவெளியில் வளர்க்கிறீர்கள், உங்களுக்குக் கலவை ஒரே நாளில் காய்ந்துவிடும். அவர் அறைக்குள்ளே. அதே கலவை அங்கே நான்கு நாள் சேறாக இருக்கும். யார் கலவை சரி என்று சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை தம்பி.

வரப்புநடை

அதுவும் சரிதான். ஆனால் நல்ல மக்கிய உரமாக இருந்தால் பாதி போட்டாலும் வேர் கருகாது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலியோரம்

மூன்று நாள் கழித்து வருகிறேன். மொத்தம் 9 போய்விட்டன, 43 நிற்கின்றன. ஸ்பிரேயரை ஒளித்து வைத்துவிட்டேன். விளக்கு இரண்டு மாட்டியாயிற்று, விசிறியும் ஓடுகிறது. இரண்டு நாளாகப் புதிதாக எதுவும் விழவில்லை. நடுவில் ஒரு குட்டி இலை, ஓரம் பல்லுப் பல்லாக, வெளியே வருகிறது. இதுதான் நிஜ இலையா? இப்போது புதைக்கலாமா?

கீரைப்பாத்தி

அதேதான். வித்திலை இரண்டும் நீளமாக வழவழவென்று இருக்கும், பல்லு வைத்து வருவதுதான் நிஜ இலை. முதல் நிஜ இலை விரிந்து இரண்டாவது எட்டிப் பார்க்கும்போது மாற்றுங்கள், அதற்கு முன் வேர் பிடிப்பு இருக்காது, கட்டி உடையும்.

செய்கிற விதம் சொல்கிறேன். முந்தின நாள் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும், அன்று காலை அல்ல, ஈரமாக இருக்க வேண்டும் ஆனால் சொட்டக் கூடாது. குழியின் அடியைப் பென்சில் முனையால் மேலே தள்ளினால் கட்டியோடு வரும். பிடிக்க வேண்டியது வித்திலையை, தண்டை அல்ல. இலை கிழிந்தால் இன்னொரு இலை வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. பத்து சென்டிமீட்டர் வாயுள்ள தொட்டியில் பாதிவரை மட்டும் கலவை போட்டு, நாற்றை நடுவில் இறக்கி, வித்திலைக்கு ஒரு விரல் கீழ்வரை பக்கத்தில் கலவையைத் தூவி மூடுங்கள். அமுக்கவே வேண்டாம், தொட்டியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் தானே அமரும்.

மண்வெட்டி

ஒரே ஒரு எச்சரிக்கை. புதைக்கும் கலவை புதிதாக, காற்றோட்டமாக இருக்கட்டும். அழுகல் இருந்த தட்டின் கலவையை மறுபடி பயன்படுத்திக் கழுத்துவரை புதைத்தால் பூஞ்சைக்கு நீங்களே பந்தி வைத்ததுபோல.

கணக்குப்பிள்ளை

நான் இந்தப் புதைப்பில் பாதி நம்பிக்கைதான் வைப்பேன். வேர் விடும், சரி. ஆனால் இழுபட்ட தண்டு இழுபட்டதுதான், இழந்த நாள் இழந்ததுதான். 43-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே இன்றே இன்னொரு தட்டு புதிதாக விதையுங்கள். மண்ணின் சூட்டைப் பொறுத்து முளைக்க ஆகும் நாள் கணக்கு இது: 15 டிகிரியில் இரண்டு வாரம், 20-ல் எட்டு நாள், 25 முதல் 30 வரை ஆறு நாள், 35-க்குப் போனால் மறுபடி ஒன்பது நாள், 40-ல் முளைக்கவே முளைக்காது. 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் விதை அழுகினாலும் ஆச்சரியமில்லை. ஆக உங்கள் ஃப்ரிட்ஜ் தலை நல்ல இடம்தான், எப்போது இறக்குவது என்பதில்தான் கோட்டை விட்டீர்கள்.

முளைத்த பிறகு அந்தச் சூடு தேவையில்லை. பகலில் 20-லிருந்து 24, இரவில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால் தண்டு கட்டுப்பாடாக வளரும்.

வரப்புநடை

சார், எங்கள் பக்கம் இரவிலேயே 26 இருக்கும். நாங்கள் நாற்று விடக் கூடாதா?

கணக்குப்பிள்ளை

தாராளமாக விடுங்கள். சூடும் வெளிச்சமும் சேர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான். வெயில் கொட்டுகிற இடத்தில் 26 ஒரு பொருட்டில்லை. சூடு இருந்து வெளிச்சம் இல்லாத இடம்தான் ஆபத்து, அவருடைய அறை அந்த ரகம். உங்களுக்கு 25, 30 நாளில் நாற்று தயார், குளிர் பிரதேசத்துக்காரர்கள் கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் விதைத்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். ஆத்திரப்பட்டுப் பத்து வாரம் முன்னால் விதைப்பவர்கள்தான் இங்கே வந்து அதிகம் அழுகிறார்கள்.

ஊசித்தூறல்

புது விதைப்புக்கு ஆழம்: அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். சும்மா மேலே தூவி விட்டால் விதைத்தோல் கழலாமல் தொப்பி மாதிரி வித்திலையைக் கவ்விக்கொண்டு வரும், மேலே கொஞ்சம் மண்ணின் அழுத்தம் இருந்தால்தான் உரசிக் கழலும். தொப்பியோடு வந்தால் உடனே பிய்க்காதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு நகத்தால் மெதுவாகத் தள்ளுங்கள்.

வேலியோரம்

பாக்கெட்டில் பழைய விதை கொஞ்சம்தான் இருக்கிறது. போன பருவத்துப் பழத்திலிருந்து எடுத்துக் காயவைத்ததும் இருக்கிறது, அதைப் போடலாமா?

மண்வெட்டி

கலப்பின ரகத்தின் பழமாக இருந்தால் அதே மாதிரி செடி வராது, விதவிதமாக வரும். நாட்டு ரகம் என்றால் போடுங்கள். பழத்திலிருந்து எடுக்கும்போது விதையைச் சுற்றி ஒரு வழவழப்பு உறை இருக்குமே, அதில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, இல்லாவிட்டால் விதை பழத்துக்குள்ளேயே முளைத்துவிடும். கூழோடு இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, வழவழப்பு போனதும் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரமும் சூடும் படாமல் வைத்தால் நாலைந்து வருஷம் நன்றாகவே முளைக்கும்.

பாக்டீரியா நோய் இருந்த தோட்டத்து விதை என்றால் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிஷம் போட்டு எடுப்பார்கள். வெப்பமானி இல்லாமல் அதில் இறங்காதீர்கள், ஒருமுறை நான் 'கை பொறுக்கிற சூடு' என்று உத்தேசமாகச் செய்து ஒரு தட்டு முழுக்க ஒரு முளைகூட வராமல் பதினைந்து நாள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலியோரம்

இரண்டு வாரம் ஆயிற்று. பழையதில் 41 தொட்டிக்கு மாறின, இரண்டை நானே நசுக்கினேன், தண்டைப் பிடிக்காதே என்று அக்கா சொல்லியும். புதுத் தட்டு: நாலாம் நாள் இரவு பதினோரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், மூன்று கொக்கி. அந்த நேரத்திலேயே இறக்கி விளக்கடியில் வைத்துவிட்டேன், வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இப்போது அவற்றில் வித்திலைக்குக் கீழே தண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை, அடியில் லேசான ஊதா நிறம். பழையவை அதே வயதில் எட்டு சென்டிமீட்டர் இருந்தன. ஒரே விதை, ஒரே கலவை!

ஒரு சந்தேகம், தொட்டியில் இருப்பதில் சிலவற்றின் இலை அடிப்பக்கமும் ஊதாவாகிறது. சத்துக் குறைவா?

கீரைப்பாத்தி

தண்டில் லேசான ஊதா நல்ல வெளிச்சத்தில் பல ரகத்துக்கு இயல்பு, தண்டு மயிர் மயிராகவும் இருக்கும். இலையின் அடி முழுக்க ஊதா என்றால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறவில்லை. உடனே உரம் தேடாதீர்கள், பெரும்பாலும் கலவையில் சத்து இருக்கும், வேர்ப்பகுதி குளிர்ந்திருப்பதால் எடுக்க முடியாமல் இருக்கும். தொட்டிகள் எங்கே இருக்கின்றன?

வேலியோரம்

கல் தரையில்!

கீரைப்பாத்தி

ஒரு பலகைமேல் ஏற்றுங்கள். ஒரு வாரத்தில் புதிதாக வரும் இலை பச்சையாக வந்தால் அதுதான் காரணம். அப்படியும் தெளியாவிட்டால் சமச்சீரான திரவ உரம் எதுவானாலும் உறையில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, வாரம் ஒரு தடவை. மண்புழு உரம் கலந்திருப்பதால் அதுகூட அவசரமில்லை. கொஞ்சம் பசியோடு வளர்ந்த நாற்றுதான் நிலத்துக்குப் போனதும் பாய்ந்து வேர்விடும், ஊட்டி ஊட்டி வளர்த்தது நட்ட மறுநாள் துவண்டு விழும்.

நிழல்வலை

நடும் முன் வெளிப்பழக்கம் கொடுக்க மறந்துவிடாதீர்கள். விளக்கடியில் வளர்ந்த இலைக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு வருஷம் அவசரத்தில் முப்பது நாற்றைக் காலையில் வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மேகம் இருந்தது, பரவாயில்லை என்று நினைத்தேன். மத்தியானம் மேகம் விலகியிருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் இலைகள் ரசீதுக் காகிதம்போல வெளுத்து, தொட்டால் சரசரவென்று. ஏழிலிருந்து பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடுவில் காலை வெயில், கடைசியில் முழு நாள், கடைசி இரண்டு நாள் இரவிலும் வெளியே, இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாவிட்டால். தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம், இலை துவளும் அளவுக்கு அல்ல.

வெள்ளை ஈ நடமாட்டம் இருந்தால் இந்த நாட்களில் நுண்வலை போட்டு மூடுங்கள். இலைச்சுருட்டு வைரஸ் நாற்றுப் பருவத்திலேயே ஏறிவிட்டால் பின்னால் என்ன செய்தும் காய் பார்க்க முடியாது.

வரப்புநடை

என் நாற்று தொட்டியிலேயே பூ விட்டுவிட்டது, சந்தோஷப்படலாமா?

மண்வெட்டி

சந்தோஷம் வேண்டாம், தொட்டி பத்தவில்லை என்று சொல்கிறது. அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும், பாருங்கள். நான் அந்த முதல் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டு நடுவேன்.

ஊசித்தூறல்

நான் கிள்ளமாட்டேன். சீக்கிரம் காய்க்கிற குட்டை ரகத்தில் கிள்ளினால் காயைத்தான் இழப்போம், நெடுங்கொடி ரகம் என்றால் கிள்ளலாம். இதற்கு ஒரு தனி இழையே ஓடி முடிந்து, யாரும் யாரையும் மாற்றவில்லை.

வேலியோரம்

கடைசிச் செய்தி சொல்லிவிடுகிறேன். நேற்று எல்லாவற்றையும் நட்டாயிற்று. புதுத் தட்டு நாற்றுகள் ஒரு சாண் உயரம்கூட இல்லை, தண்டு பென்சில் தடிமன், நடும்போது யாரும் தாங்கிப்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பழைய நெட்டைகளில் நீளமானவற்றைக் குழியில் சாய்த்துப் படுக்கவைத்து நுனியை மட்டும் வெளியே விட்டு மூடினேன்.

தொட்டியில் இருந்தபோதே ஒன்றைப் பூனை தட்டிவிட்டது. மண் சிதறி முழுசாக வெளியே வந்துவிட்டதால் கழுவியே பார்த்துவிட்டேன். முன்பு நூல்போல இருந்த அந்தத் தண்டில், புதைத்த இடம் முழுக்க, கீழிருந்து வித்திலை வரைக்கும் வெள்ளை வெள்ளையாக வேர், அரிசி அளவிலிருந்து விரல் நீளம்வரை. கணக்குப்பிள்ளை சார், உங்களுக்காகவே எண்ண ஆரம்பித்தேன், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை

பூனையால் நிரூபிக்கப்பட்டது என்று குறித்துக்கொள்கிறேன். புது நாற்றும் பழையதும் எது முதலில் பூக்கிறது என்று தேதி போட்டு வையுங்கள், அப்புறம் பேசுவோம்.

வேலியோரம்

போட்டு வைக்கிறேன் சார். இப்போதைக்குப் பூனை புதிதாக நட்ட பாத்தியில்தான் படுத்திருக்கிறது, அதை எழுப்பப் போகிறேன்.